ஆட்டம் பிழைத்தது தடையால் அல்ல, விதியால்! ஜல்லிக்கட்டுக்கு அமெரிக்கா சொல்லும் பாடம்

தருமபுரியை அடுத்த தடங்கத்தில் 2023 ஜனவரியில் ஜல்லிக்கட்டு நடந்தது. அன்று மாடு முட்டி உயிரிழந்தது மாடுபிடி வீரர் அல்ல. வேடிக்கை பார்க்க வந்த ஒரு சிறுவன். இப்படி ஓர் உயிர் போகும்போதெல்லாம் 'தடை செய்யுங்கள்' என்று ஒரு குரலும், 'பாரம்பரியத்தில் கை வைக்காதீர்கள்' என்று மறு குரலும் எழும்.

இதே சண்டை 120 வருடங்களுக்கு முன் அமெரிக்காவிலும் நடந்தது. அங்கே பிரச்னை காளை அல்ல, பந்து!

அமெரிக்கன் ஃபுட்பால் நம் ஊர் கால்பந்து போன்றதல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்தபடி ஓடுபவரை எதிரணியினர் மோதி வீழ்த்துவார்கள். ஆரம்பத்தில் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது; கும்பலாக முட்டித் தள்ளித்தான் முன்னேற வேண்டும். தலைக்கவசமும் கட்டாயமில்லை. 1905 சீசனில் மட்டும் 18 பேர் இறந்ததாக அன்றைய நாளிதழ் கணக்கு சொன்னது. கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது.

அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இந்த ஆட்டத்தின் ரசிகர். 1905 அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-ல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம். ஆட்டம் தொடங்கும்போது இரு அணிகளுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். மரணங்கள் உடனே நின்றுவிடவில்லை. 1909-ல் மீண்டும் அதிகரித்ததும், மறுவருடமே கைகோத்துத் தள்ளுவதற்குத் தடை வந்தது. தொழில்முறை லீக்கில் தலைக்கவசம் கட்டாயமானது 1943-ல்தான்!

நம் கதையும் அப்படித்தான். 2009-ல் ஒழுங்குமுறைச் சட்டம், 2014-ல் உச்ச நீதிமன்றத் தடை, 2017-ல் மெரினா போராட்டமும் புதிய சட்டமும், 2023 மே மாதம் அதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதல். இன்று திமிலை மட்டுமே தழுவலாம். கொம்பையோ வாலையோ பிடிக்கக் கூடாது. வீரருக்கும் காளைக்கும் மருத்துவப் பரிசோதனை, பார்வையாளருக்கும் களத்துக்கும் நடுவே தடுப்பு வேலி என எல்லாமே விதியில் இருக்கின்றன.

ஆனாலும் தடங்கத்தில் ஓர் உயிர் போனது. விதி எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் 'எங்கே ஓட்டை?' என்று கேட்டுத் திருத்த வேண்டும். அமெரிக்கா செய்தது அதைத்தான்.

வரும் பொங்கலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்களா? கேலரியில் மட்டும் உட்காருங்கள். காளைகள் ஓடிவந்து சேரும் இடத்தின் பக்கம் போகவே வேண்டாம். வாடிவாசலைத் தாண்டிய காளைக்கு வீரர் யார், வேடிக்கை பார்ப்பவர் யார் என்று தெரியாது!