அந்த 1.80 லட்சம் எப்போ வரும், யாருக்கு வரும்?

இந்த எபிசோடு ஒரே ஒரு நம்பரைப் பத்தினது. 1,80,000 ரூபாய். முதல் வீடு வாங்குறவங்களுக்கு மத்திய அரசு வீட்டுக்கடன் வட்டியில கொடுக்கிற மானியத்தோட உச்சவரம்பு இது. திட்டத்தோட பேரு பிரதான் மந்திரி ஆவாஸ் யோஜனா, நகர்ப்புறம் 2.0. 2024 செப்டம்பர் 1-லேர்ந்து நடைமுறையில இருக்கு. இந்த நம்பரை நம்பி நான் ஒரு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2025 தொடக்கம். தாம்பரத்தைத் தாண்டி ஒரு ஃபிளாட் பார்க்கப் போயிருந்தேன். விலை 34 லட்சம். சைட் ஆபீஸ்ல இருந்தவர் ஒரு பேப்பரை எடுத்து வேகமா கணக்குப் போட்டார். "லோன் 25 சார். மீதி 9. அதுல 1.80 கவர்மென்ட்டே கொடுத்துடும். நீங்க 7.20 ரெடி பண்ணா போதும்." என்கிட்ட அப்போ சீட்டுப் பணம், பிஎஃப், வீட்டுல இருந்த கொஞ்சம் நகை எல்லாம் சேர்த்து ஏழரை லட்சம் தேறும். எனக்காகவே போட்ட கணக்கு மாதிரி இருந்துச்சு. அங்கேயே 50,000 டோக்கன் கொடுத்துட்டு வந்தேன்.

ராத்திரி பேப்பரைப் பார்த்த என் மனைவி ரெண்டே கேள்விதான் கேட்டா. "அந்தப் பணம் எப்போ வரும்? உன் சம்பளத்தை மட்டும் சொன்னியா, என்னுதையும் சேர்த்துச் சொன்னியா?" ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்ல. மறுநாள் வங்கிக்குப் போனோம். பத்து நிமிஷத்துல ரெண்டுக்கும் பதில் கிடைச்சுது.

முதல் கேள்வி: எப்போ வரும்? இந்த மானியம் வீடு வாங்கும்போது கையில வராது. கடன் வாங்கின பிறகுதான் வரும், அதுவும் ஐந்து வருடாந்திரத் தவணையாக. முழுத் தொகைக்கும் தகுதி இருந்தா ஒரு தவணைக்கு 36,000 ரூபாய். அது உங்க சேமிப்புக் கணக்குக்கு வராது. கடன் கணக்குக்குப் போய் அசலைக் குறைக்கும். அதனால பில்டருக்குக் கொடுக்க வேண்டிய 9 லட்சத்துல இந்த 1.80 லட்சத்தைக் கழிக்கவே முடியாது. ஒன்பதும் நம்ம காசுதான். அதுக்கு மேல பத்திரப்பதிவுச் செலவு வேற இருக்கு. அந்தப் பேப்பர்ல அதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல.

"அப்போ கடனை 27 லட்சமாக்கிக்கலாமே?" என்று கேட்டேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக்கடன்ல, வீட்டு மதிப்புல 90 சதவீதம் வரைக்கும் வங்கி கொடுக்கலாம். ஆனா இந்தத் திட்டத்துக்கு ரெண்டு வரம்பு இருக்கு. வீட்டு மதிப்பு 35 லட்சத்தைத் தாண்டக்கூடாது, கடன் 25 லட்சத்தைத் தாண்டக்கூடாது. கடனை ஏத்தினா மானியம் போயிடும். அதாவது 35 லட்சம் வீட்டை இந்தத் திட்டத்துல வாங்குறவர்கிட்ட முதல்லயே 10 லட்சம் இருக்கணும்.

ரெண்டாவது கேள்வி: யாருக்கு வரும்? ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு. 3 லட்சம் வரை ஒரு பிரிவு, 3 முதல் 6 வரை ஒரு பிரிவு, 6 முதல் 9 வரை ஒரு பிரிவு. இதுல 'குடும்பம்'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள், இவங்க எல்லாரும் சேர்ந்தது ஒரு குடும்பம். என் வருமானம் 5.60 லட்சம். அவளோடது 4.20 லட்சம். கூட்டினா 9.80 லட்சம். எங்களுக்கு அந்த மானியம் கிடைக்கவே கிடைக்காது. சைட் ஆபீஸ்ல என் சம்பளத்தை மட்டும்தான் கேட்டாங்க. நானும் அதை மட்டும்தான் சொன்னேன்.

டோக்கன் பணத்துக்காக மூணு மாசம் அலைஞ்சோம். 30,000 திரும்பி வந்துச்சு. மீதி 20,000 போனது போனதுதான்.

சரி, என் கதையை விடுங்க. இந்த மானியம் எப்படிக் கணக்காகுதுன்னு பார்ப்போம். நீங்க 25 லட்சம் கடன் வாங்கினாலும் முதல் 8 லட்சத்துக்குத்தான் 4 சதவீத வட்டி மானியம். அதுவும் 12 வருஷம் வரைக்கும்தான் கணக்கு. கடனோ காலமோ அதைவிடக் குறைவா இருந்தா மானியமும் குறையும். 1.80 லட்சம்ங்கிறது உச்சவரம்பு. எல்லாருக்கும் அவ்வளவு கிடைக்கும்னு அர்த்தம் இல்ல.

இப்போ இதை இஎம்ஐ-யில வச்சுப் பாருங்க. 25 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னா மாசம் சுமார் 21,700 ரூபாய். ஒரு 36,000 அசல்ல கழிஞ்சா, இஎம்ஐ 300 ரூபாய் சொச்சம் குறையும். ஐந்து தவணையும் வந்து முடிஞ்ச பிறகு மொத்தமா 1,600, 1,700 ரூபாய் குறைஞ்சிருக்கும். நல்ல உதவிதான். ஆனா 21,700 கட்ட முடியாத குடும்பத்தை இது கட்ட வைக்காது.

அதே பணம் சின்னக் கடனுக்கு ரொம்பப் பெரிசு. ஒருத்தர் 10 லட்சம் கடன், அதே வட்டியில 12 வருஷத்துக்கு வாங்குறார்னு வைங்க. இஎம்ஐ சுமார் 11,100. அவருக்கு வர்ற 36,000, மூணு மாச இஎம்ஐ-யைவிட அதிகம். சிறு நகரத்துல சின்ன வீடு வாங்குறவர், ஏற்கெனவே இடம் வச்சிருந்து கட்டுறதுக்குக் கடன் எடுக்கிறவர், இவங்களுக்கு இந்தத் திட்டம் நிஜமாவே வேலை செய்யும். சென்னையில புது ஃபிளாட் தேடுறவங்களுக்கு 35 லட்சம்ங்கிற வரம்புலயே பாதிக் கதவு மூடிடும்.

இன்னொரு குழப்பம். இணையத்துல தேடினா "2.67 லட்சம் கிடைக்கும்", "வருமானம் 18 லட்சம் வரைக்கும் ஓகே" என்று நிறைய வீடியோ வரும். அது 2015-ல தொடங்கின பழைய திட்டத்தோட கணக்கு. அதுல மானியம் மொத்தமா ஒரே தடவையில கடன் கணக்குல வரவாச்சு. நடுத்தர வருமானப் பிரிவுக்கு அது 2021 மார்ச்சோட முடிஞ்சுது, குறைந்த வருமானப் பிரிவுகளுக்கு 2022 மார்ச்சோட. அதை வச்சு இப்போ பிளான் பண்ணாதீங்க.

அமெரிக்காவுல இருக்கிற ஒரு நண்பன் இதைக் கேட்டுட்டு, "எங்க ஊர்ல மாநில அரசு டவுன் பேமென்ட்டுக்கே பணம் கொடுக்குமே"ன்னான். உண்மைதான். கலிஃபோர்னியாவுல 'மைஹோம்' என்று ஒரு திட்டம் இருக்கு. முதல் வீடு வாங்குறவருக்கு மாநில வீட்டுநிதி நிறுவனம் டவுன் பேமென்ட்டுக்காக ரெண்டாவது கடன் ஒன்று கொடுக்கும். மாசாமாசம் கட்ட வேண்டாம். வீட்டை விற்கும்போதோ, மறுகடன் எடுக்கும்போதோ, முதல் கடன் முடியும்போதோ திருப்பிக் கொடுக்கணும். அங்க உதவி வாசல்லயே வருது, ஆனா அது கடன். இங்க வர்றது திருப்பித் தர வேண்டாத மானியம், ஆனா நாம உள்ள போன பிறகுதான் வரும். அதனால எந்த அரசுத் திட்டமா இருந்தாலும் தொகையைக் கேக்குறதுக்கு முன்னாடி, அது எந்தக் கட்டத்துல வரும்னு கேளுங்க.

வங்கிக்குப் போகும்போது கேட்க வேண்டியதைச் சொல்லிடறேன். ஒன்று, குடும்ப வருமானம் மொத்தம் எவ்வளவு வருது? ரெண்டு, குடும்பத்துல யார் பேர்லயாவது இந்தியாவுல எங்கேயாவது பக்கா வீடு இருக்கா? இருந்தா தகுதி இல்ல. கல்யாணம் ஆகாம அப்பா வீட்டுல இருக்கிறவங்க இந்தக் கேள்வியை முதல்லயே கேட்டுடுங்க. மூணு, கார்பெட் ஏரியா 120 சதுர மீட்டருக்குள்ள இருக்கா? நாலு, அந்த ஊர் திட்டத்தோட நகர்ப்புற எல்லைக்குள்ள வருதா? புறநகர் ஊராட்சின்னா கட்டாயம் கேளுங்க.

ஐந்தாவது, நிறைய பேர் தவற விடுறது. ஒவ்வொரு தவணை விடுவிக்கும்போதும் கடன் கணக்கு நடப்புல இருக்கணும், அசல்ல பாதிக்கு மேல பாக்கி இருக்கணும். போனஸ் வந்துச்சுன்னு வேகமா கட்டி அசலைப் பாதிக்குக் கீழ கொண்டுவந்தா, மிச்சத் தவணை வராம போகலாம். முன்கூட்டியே கட்டுறது தப்பில்ல. எந்த வருஷம் எவ்வளவு கட்டுறதுன்னு கணக்குப் போட்டுட்டுக் கட்டுங்க.

நாங்க இன்னும் வாடகை வீட்டுலதான் இருக்கோம். புதுசா ஒரு பேப்பர்ல கணக்கு எழுதி வச்சிருக்கோம். அதுல மானியம்னு ஒரு வரியே கிடையாது. அது இல்லாமலேயே வாங்க முடியுற வீடு கிடைச்சா வாங்குவோம். உங்களுக்குத் தகுதி இருந்தா கட்டாயம் விண்ணப்பிங்க, அது உங்க உரிமை. ஆனா முதல்ல மானியத்தை பூஜ்ஜியம்னு வச்சுக் கணக்குப் போடுங்க. அந்தக் கணக்கு நின்னா மட்டும் டோக்கன் கொடுங்க. வீட்டுல இருக்கிற இன்னொருத்தர்கிட்ட பேப்பரைக் காட்டிட்டுக் கொடுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.