இரணியன் கதை

இரணியன் கதை என்பது, தன்னையே கடவுளாக அறிவித்துக்கொண்ட அரசன் ஒருவனை அவனுடைய மகனே எதிர்த்து நின்றதைக் கூறும் புராணக் கதையாகும். விஷ்ணு புராணம், பாகவதம் ஆகியவற்றில் இடம்பெறும் இக்கதை, தமிழில் காப்பியம், சிற்பம், கூத்து, நாடகம், திரைப்படம், படக்கதை எனப் பல வடிவங்களைப் பெற்றுள்ளது. பொய்க்கடவுளை நாயகர்கள் எதிர்கொள்ளும் இக்காலச் சூப்பர் ஹீரோ படக்கதைகளோடு இதனை ஒப்பிட்டுப் படிக்கலாம்.

கதைச் சுருக்கம்

இரணியன் கடுந்தவம் செய்து பிரமனிடம் வரம் பெற்றான். மனிதராலோ விலங்காலோ, பகலிலோ இரவிலோ, வீட்டின் உள்ளேயோ வெளியேயோ, மண்ணிலோ விண்ணிலோ, ஆயுதங்களாலோ தனக்குச் சாவு நேரக்கூடாது என்பது அவ்வரம். பின்னர் மூவுலகும் தன் பெயரையே ஓத வேண்டும் என்று ஆணையிட்டான். அவனுடைய மகன் பிரகலாதன் மட்டும் திருமாலின் பெயரைச் சொன்னான். யானை, நஞ்சு, நெருப்பு ஆகியவற்றால் அவனைக் கொல்ல முயன்றும் இயலவில்லை. இறுதியில் தூணிலிருந்து நரசிம்மம் தோன்றி, அந்திப் பொழுதில், வாயிற்படியில், தன் மடிமீது கிடத்தி, நகங்களால் இரணியனைக் கொன்றது. வரத்தின் ஒவ்வொரு சொல்லும் மீறப்படாமலே வரம் பயனற்றுப் போயிற்று.

கம்பராமாயணத்தில்

வால்மீகி இராமாயணத்தில் இல்லாத இக்கதையைக் கம்பர் யுத்த காண்டத்தில் 'இரணியன் வதைப் படலம்' என்ற பெயரில் சேர்த்துள்ளார். இராமனைப் பகைக்க வேண்டாம் என்று இராவணனை எச்சரிப்பதற்காக வீடணன் இதனைக் கூறுகிறான். கம்பரின் இரணியன் கோழையல்லன். நரசிம்மம் எதிரே நிற்கும்போதும், இப்போதாவது வணங்குமாறு மகன் வேண்டும்போதும், தன் வாளைத் தவிர வேறெதையும் தொழமாட்டேன் என்கிறான்.

கதையைக் கேட்ட இராவணன் மனம் மாறவில்லை. தந்தையின் மார்பு பிளக்கப்பட்டபோது மகிழ்ந்த மகனைப் போன்றவன் நீ என்று வீடணனையே பழிக்கிறான். பிரகலாதன் உண்மைக்காக நின்றவனா, தந்தையைக் காட்டிக்கொடுத்தவனா என்ற கேள்வி இவ்வாறு காப்பியத்துக்குள்ளேயே எழுப்பப்படுகிறது.

தகடூரும் அதியரும்

இன்றைய தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்டவர்கள் அதியர் மரபினர். இம்மரபின் பிற்கால அரசர்களோடு தொடர்புடையவை நாமக்கல் மலையிலுள்ள குடைவரைக் கோயில்கள். பொ.ஊ. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் இவற்றுள் அரங்கநாதர் குடைவரையின் கல்வெட்டு, அதிய குலத்துக் குணசீலனையும் 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்ற கோயில் பெயரையும் குறிப்பிடுகிறது. நரசிம்மர் குடைவரையில் இரணிய வதைக் காட்சி புடைப்புச் சிற்பமாக உள்ளது. கம்பருக்கு முன்பே இக்கதை இப்பகுதியில் அறியப்பட்டிருந்ததற்கு இது சான்றாகும்.

கூத்திலும் நாடகத்திலும்

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் தெருக்கூத்து இன்றும் வாழும் கலையாகும். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கதைகளே முதன்மை பெறுகின்றன. ஆயினும் தெருக்கூத்து மரபில் இரணியன் கதையும் உண்டு. வேடம் கட்டியவர் திரைக்குப் பின் நின்று தம் பெருமையைத் தாமே பாடி அறிமுகமாவது கூத்தின் வழக்கம். தன்னையே துதிக்கச் சொல்லும் இரணியனுக்கு இவ்வழக்கம் நன்கு பொருந்துகிறது. அந்தப் பெருமையைக் கேலி செய்து கேள்வி கேட்கும் உரிமை கட்டியங்காரனுக்கு உண்டு.

தஞ்சைப் பகுதியிலுள்ள மெலட்டூரில், நரசிம்ம ஜெயந்தியையொட்டிப் 'பிரகலாத சரித்திரம்' என்னும் பாகவத மேளா நாடகம் தெலுங்கு மொழியில் நடத்தப்படுகிறது. அங்கு நரசிம்ம முகமூடி வழிபாட்டுக்குரியது.

பாரதிதாசனின் மாற்றுப் பார்வை

பாரதிதாசன் எழுதிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகம் 1934இல் பெரியார் தலைமையில் சென்னையில் அரங்கேறியது. இதில் இரணியன் ஆரியரின் சூழ்ச்சிக்குப் பலியாகும் தமிழ் மன்னன். பொய்யான தெய்வம் என்ற குற்றச்சாட்டு இரணியனிடமிருந்து விலகி, அவனை வீழ்த்தியவர்களின் பக்கம் திரும்புகிறது. கம்பரின் இராவணன் பிரகலாதன்மீது வைத்த பழியும் இங்குப் புதிய அரசியல் பொருள் பெறுகிறது. இந்நாடகம் பின்னர் அரசின் தடைக்கும் உள்ளானது.

படக்கதைகளுடன் ஒப்பீடு

அனந்த் பாய் 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையில் பிரகலாதன் கதையும் வெளிவந்துள்ளது. 2025இல் 'மகாவதார் நரசிம்மா' என்ற அசைவூட்டத் திரைப்படம் தமிழிலும் வெளியானது.

அமெரிக்கப் படக்கதைகளுள் இதற்கு நெருக்கமானது, ஜிம் ஸ்டார்லின் எழுதி மார்வெல் நிறுவனம் 1991இல் ஆறு இதழ்களாக வெளியிட்ட 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்' தொடராகும். ஆறு மணிகள் பதித்த கையுறையால் தானோஸ் என்பவன் கடவுளுக்கு நிகரான ஆற்றல் பெற்று, பாதி உயிர்களை ஒரே சொடுக்கில் அழிக்கிறான். நாயகர்கள் கூடித் தாக்கியும் தோற்கிறார்கள். தானோஸ் தன் உடலை விட்டு நீங்கி இன்னும் பெரிய வடிவம் எடுக்கும்போது, அவ்வுடலில் கிடந்த கையுறையை நெபுலா கைப்பற்றுகிறாள்.

இரு கதைகளிலும், முழுமையானது என நம்பப்பட்ட ஆற்றலில் அதை உடையவன் எண்ணிப்பாராத ஓர் இடைவெளி இருக்கிறது. வேறுபாடு எதிர்ப்பவரிடம் உள்ளது. தானோஸை எதிர்த்தவர்கள் தனி ஆற்றல் படைத்தவர்கள். பிரகலாதனோ பாடம் படிக்கும் சிறுவன். அவன் எந்த ஆயுதத்தையும் எடுக்கவில்லை. சொல்லச் சொன்ன பெயரைச் சொல்ல மறுத்ததே அவன் செய்தது. மூவுலகும் பணிந்த பின்னும் அந்த ஒரு மறுப்பை இரணியனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.