வீல் நட் சரியா மாட்டாத கடை: உங்க நஷ்டத்தைக் கேட்டு வாங்குறது எப்படி?

கார்ல டயர் மாத்தி நாலு நாள் ஆகியிருக்கும். மெதுவா போறப்பவே முன்பக்கத்துல இருந்து 'டக் டக்'னு சத்தம். ஸ்டீயரிங் லேசா ஆடுது. ரோடுதான் சரியில்லைன்னு நினைச்சு ஓட்டிட்டே இருந்தா, நட் ஒவ்வொண்ணா கழன்டு வீலே வெளிய வந்துடலாம்.

கடைக்கு போன் பண்ணினா பெரும்பாலும் வர்ற பதில் இதுதான்: "கொண்டு வாங்க சார், ஃப்ரீயா டைட் பண்ணித் தர்றேன்."

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. நட்டை டைட் பண்றது, அவர் ஏற்கெனவே உங்ககிட்ட காசு வாங்கின வேலை. அது நஷ்ட ஈடு ஆகாது. அதனால உங்களுக்கு வந்த செலவு தனிக் கணக்கு. அந்தக் கணக்கை எப்படிப் போடுறது, எப்படிக் கேக்குறதுன்னு பார்ப்போம்.

முதல்ல வண்டியை நிறுத்துங்க

80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல மட்டும் அதிர்வு வந்தா, பெரும்பாலும் அது வீல் பேலன்சிங் பிரச்சினை. மெதுவா போறப்பவே சத்தம் வந்து, அது கூடிக்கிட்டே போனா நட் மேல சந்தேகப்படுங்க. ஓரமா நிறுத்தி, ஸ்டெப்னியோட வர்ற ஸ்பேனரை வச்சு ஒவ்வொரு நட்டையும் பாருங்க.

நட்டோட வேலை, ரிம்மை ஹப்போட இறுக்கி அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தா ரிம் அசையும், ஸ்டட் உடையும், ரிம்ல இருக்கிற ஓட்டை நீள்வட்டமா தேஞ்சு போகும். அந்த நிலைக்கு வந்த பிறகு டைட் பண்ணிப் பிரயோஜனம் இல்லை. அந்த வண்டியை அதே கடைக்கு ஓட்டிட்டுப் போகாதீங்க. ரெக்கவரி வண்டி செலவு உங்க உயிரை விடப் பெருசு இல்லை. அந்த ரசீதும் பிறகு கணக்குல சேரும்.

ரிப்பேருக்கு முன்னாடி ஆதாரம்

ரிப்பேர் முடிஞ்சுட்டா ஆதாரமும் போயிடும். அதனால இந்த வரிசையில செய்யுங்க.

1. வீல், ஸ்டட், ரிம் ஓட்டை, ஓடோமீட்டர் எல்லாத்தையும் போட்டோ, வீடியோ எடுங்க. மாட்டின நாள்ல இருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சுங்கிறது முக்கியம். பில்லுல அன்னைக்கு ரீடிங் போட்டிருந்தா இன்னும் நல்லது.
2. வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல, முடிஞ்சா உங்க கார் கம்பெனியோட சர்வீஸ் சென்டர்ல காட்டி, என்ன காரணம், என்ன செலவுன்னு எழுத்துல வாங்குங்க.
3. உடைஞ்ச ஸ்டட், நட், பழைய ரிம் எதையும் கடையில விட்டுட்டு வராதீங்க. பையில போட்டு வீட்டுல வைங்க.
4. பழைய பில்லையும், யுபிஐ விவரத்தையும் எடுத்து வைங்க. யுபிஐ, பணம் போனதைத்தான் காட்டும். என்ன வேலை செஞ்சாங்கன்னு பில்தான் காட்டும்.

இன்சூரன்ஸ்ல போடலாமா?

ஒரு உதாரணக் கணக்கு. ரிம் ரூ.7,500, ஃபெண்டர் ரூ.4,000, ஸ்டட், நட் மாத்துற வேலை ரூ.1,200, ரெக்கவரி வண்டி ரூ.2,500, ஆபீஸ் போக கேப் செலவு ரூ.1,800. மொத்தம் ரூ.17,000.

இன்சூரன்ஸ் ஒத்துக்கிட்டாலும் ரிம், ஃபெண்டர் ரெண்டுக்கும்தான் பெரும்பாலும் பணம் வரும்னு வச்சுக்குவோம். அது ரூ.11,500. 1,500 சிசி வரை உள்ள கார்னா கம்பல்சரி டிடக்டபிள் ரூ.1,000 போகும். மீதி ரூ.10,500. தேய்மானம் கழிச்சா இன்னும் குறையும்.

இப்ப இழப்பைப் பாருங்க. கிளெய்ம் பண்ணினா நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யத்துக்குப் போயிடும். அது ஓன் டேமேஜ் பிரீமியத்துல வருஷா வருஷம் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறுற தள்ளுபடி. அடுத்த ரெனியூவல்ல 45 சதவீதம் வாங்க வேண்டியவர் கிளெய்ம் பண்ணினா, அஞ்சு வருஷத்துல இழக்கிறது 45 + 30 + 25 + 15 + 5 = 120 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.8,000னா, இழப்பு ரூ.9,600.

அதாவது, கடைக்காரர் தர வேண்டிய பணத்தை உங்க சொந்த போனஸ்ல இருந்து நீங்களே எடுத்துக்குறீங்க. சேதம் லட்சக்கணக்குல இருந்தா கிளெய்ம் பண்ணுங்க. இந்த அளவுன்னா முதல்ல கடையைக் கேளுங்க. ஆனா யாருக்காவது அடிபட்டிருந்தா, அடுத்தவங்க வண்டி சேதமாகியிருந்தா, போலீஸுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே சொல்லிடணும். அங்க தனியா பேரம் பேசக் கூடாது.

எப்படிக் கேக்குறது?

சண்டை வேண்டாம், எழுத்து போதும். என்னைக்கு மாட்டினாங்க, எத்தனை கிலோமீட்டர்ல என்ன ஆச்சு, மத்த ஒர்க்‌ஷாப் என்ன சொல்லுது, மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை நாளைக்குள்ள வேணும்னு ஒரே பக்கத்துல எழுதுங்க. 15 நாள் கொடுக்கலாம். வாட்ஸ்அப்ல அனுப்புங்க, ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்பி ரசீதை வைங்க.

"50 கிலோமீட்டர்ல செக் பண்ண வரச் சொன்னோமே"ன்னு கடைக்காரர் சொல்லலாம். அது பில்லுல எழுதியிருக்கான்னு கேளுங்க. எழுதியிருந்து நீங்க போகலைன்னா, உங்க பக்கம் கொஞ்சம் வலு குறையும்தான். ஆனா பில் அடியில "நாங்கள் பொறுப்பல்ல"ன்னு அச்சடிச்ச ஒரே காரணத்தால கடையோட பொறுப்பு போயிடாது.

ரூ.17,000 கேட்டு, ரூ.13,000க்கு ரெண்டே நாள்ல முடியுதுன்னா யோசிங்க. உங்க லீவு, அலைச்சலுக்கும் விலை இருக்கு. ஆனா பணம் கைக்கு வந்து, வண்டியை ஓட்டிப் பார்க்காம "எல்லாம் செட்டில் ஆச்சு"ன்னு கையெழுத்துப் போடாதீங்க.

பதில் வரலைன்னா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிவு பண்ணுங்க. அது கோர்ட் இல்லை, சமரச முயற்சி. காசு கிடையாது.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல இது 'சேவைக் குறைபாடு'. தெரிஞ்சுக்க வேண்டியது நாலு விஷயம்:

- சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும்.
- கடை எங்க இருந்தாலும், நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்துலயே கொடுக்கலாம்.
- சேவைக்கு நீங்க கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரைன்னா கட்டணம் இல்லை.
- வக்கீல் கட்டாயம் இல்லை. ஆன்லைன்லயும் தாக்கல் செய்யலாம்.

சொந்த உபயோகத்துக்கு ஓடுற கார்னா இது எல்லாம் பொருந்தும். தீர்ப்பு வர மாசக்கணக்குல ஆகலாம். ஆனா கேஸ் பலமா இருக்குன்னு தெரிஞ்சா, நோட்டீஸ் கட்டத்துலயே பேச வர்ற கடைக்காரர் உண்டு.

அடுத்த தடவை

"பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி இல்லை சார்"னு சொன்னா, கணக்குப் போடுங்க. ரூ.1,200 லேபருக்கு 18 சதவீதம்னா ரூ.216. அந்த 216 ரூபாயை மிச்சம் பிடிக்க, 17,000 ரூபாய் கேக்குற ஆதாரத்தை விட்டுடுறீங்க. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடைன்னா சாதாரண பில் போதும். தேதி, வண்டி நம்பர், கிலோமீட்டர், செஞ்ச வேலை நாலும் இருக்கணும்.

வண்டியை எடுக்கிறப்ப, "டார்க் ரெஞ்ச் வச்சு ஃபைனல் டைட் பண்ணிட்டீங்களாண்ணா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. எவ்வளவு டைட் வேணும்னு உங்க கார் கையேட்டுலயே இருக்கும். 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓட்டின பிறகு ஒரு தடவை செக் பண்ணிடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதான்.