சுண்ணாம்பும் சன்மைக்காவும்

ராயபுரத்தில் பொரித்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டு வாசலில் கீரைக்காரியோடு நாலு வார்த்தை பேசித் திரும்பினால் அப்பளம் நமத்திருக்கும். சென்னைக் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. விடியற்காலையில் இன்னும் கூடுதல். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வருகிறது. அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதற்கு இங்குள்ள வீடுகள் ஒரு காலத்தில் ஒரு பதில் வைத்திருந்தன. இன்று வேறொரு பதில் வைத்திருக்கின்றன.

1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்தாலே பழைய பதில் பாதி புரியும். உயரமான கூரை, தூண் வைத்த அகலத் தாழ்வாரம், காற்று புகுந்து வெளியேற வழி. சுற்றியிருந்த தெருக்களின் மச்சு வீடுகளும் சிறிய அளவில் இதையே செய்தன. அவற்றின் கூரைக்கு, உத்திரத்தின் மேல் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்தக் கூரைக்குள் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை.

சுவரிலும் கடல்தான் இருந்தது. பழவேற்காட்டுக் கிளிஞ்சல் பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் பட்டணம் வந்து, சூளையில் வெந்து சுண்ணாம்பானது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. மழை நாளில் வாங்கியதை வெயில் நாளில் விட்டுவிடும். காரத்தன்மை இருப்பதால் பூஞ்சையும் எளிதில் ஒட்டாது. பொங்கலுக்கு முன்னால் சுரண்டிவிட்டு, வாளியில் சுண்ணாம்போடு துளி நீலம் கலந்து வெள்ளையடிப்பார்கள். ஒரு வருஷத்து உப்பும் அழுக்கும் அந்தச் செதில்களோடு குப்பைக்குப் போகும். வெள்ளைப் பூச்சு உரிவதை யாரும் குறையாக நினைக்கவில்லை. உரிவதுதான் அதன் வேலை.

வீட்டுக்குள் சாமான் குறைவு. சுவரிலேயே மாடம், துணிக்குக் கொடி, பட்டுப்புடவைக்கு வேப்பிலை போட்ட டிரங்குப் பெட்டி. சுருட்டி வைக்கும் பாய்க்குப் பின்னால் பூஞ்சை படர இடம் ஏது? கரையோர மீனவர் வீடுகளோ கீற்றுக் கொட்டகைகள். அவை குளிர்ச்சிதான். ஆனால் ஒரு தீப்பொறிக்கும் ஒரு புயலுக்கும் தாங்காதவை. அந்த வாழ்க்கையை அழகென்று எழுதுவது அதில் குடியிருக்காதவர்களுக்குச் சுலபம்.

அதனால்தான் கான்கிரீட் வந்தபோது கரை அதை விரும்பி வாங்கிக்கொண்டது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கூடவே கூரைக்குள் இரும்பும் வந்தது. உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருவாகும் இரும்பு இரண்டு மடங்குக்கும் மேல் பருத்து, மூடியிருக்கும் சிமென்டைப் பிளக்கிறது. முதலில் தளத்தில் பழுப்புக் கோடு தெரியும், பிறகு காரை பெயர்ந்து விழும். திருவொற்றியூர் கிராமத் தெருவில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட குடியிருப்புக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துக் குடும்பங்கள் முன்பே வெளியேறியிருந்ததால் உயிர்கள் தப்பின.

கடலும் கிட்டே வந்துவிட்டது. துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் மணலை மறித்ததில் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே கரை கரைந்தது. மணல் இருந்த இடத்தில் இன்று பாறைக்கற்கள். அலை அவற்றில் மோதித் தெறிக்கும் உப்புத்துளி நேரே ஜன்னலுக்கு வருகிறது.

ஜன்னலைச் சாத்த வைத்தது உப்பு மட்டுமா? சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் குவிந்திருந்த ஆண்டுகளில் ராயபுரத்தில் காலையில் துடைத்த திண்ணை மாலையில் கறுத்தது. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2011-ல் அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரம் மூச்சுவிட்டது, எண்ணூருக்கு அனல்மின் நிலையச் சாம்பலோடு இதுவும் சேர்ந்தது. காற்றாட வேண்டிய வீட்டைத் தூசுக்குப் பயந்து பூட்டுவதுதான் இந்தக் கரையின் இன்றைய சங்கடம்.

பூட்டிய வீட்டுக்குள் இப்போது ‘இன்டீரியர்’ நுழைகிறது. கோயம்புத்தூருக்கும் திருவொற்றியூருக்கும் ஒரே படப் புத்தகம்: மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், சுவரோடு ஒட்டிய வார்ட்ரோப். மேலே சன்மைக்கா பளபளக்கும். உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. சிங்க் அடியில் அதன் ஓரம் ஊறிப் பொரிபோல் உப்பும். கீல் துருப்பிடித்துக் கதவு தொங்கும். ஏசியில் சில்லிட்ட சுவரின் மறுபக்கத்தில் ஈரக்காற்று பட்டு வேர்க்கும். காற்றே போகாத வார்ட்ரோப்புக்குப் பின்னால் பூஞ்சை படம் வரையும். வெளியே மாட்டிய ஏசி யூனிட்டின் தகடுகளை உப்பு அரித்துவிடும்.

அடிபட்டவர்கள் கற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு மரைன் பிளைவுட், அதிலும் வெட்டிய ஓரங்களையெல்லாம் அடைத்துவிட்டு. கைப்பிடிக்கு 304 ரகத்துக்குப் பதிலாக உப்பை இன்னும் தாங்கும் 316 ரக எவர்சில்வர். இரும்பு ஜன்னல் இருந்த இடத்தில் யுபிவிசி. அலமாரிக்குக் கால் வைத்து, சுவரைவிட்டு நாலு விரல் தள்ளி, கதவில் காற்று போக இடுக்கு. சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன். கடற்காற்று வரும் பக்கத்து ஜன்னலுக்குக் கழற்றிக் கழுவக்கூடிய வலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்து சுவரில் கருங்கோடு போட்ட எண்ணூர் வீடுகளுக்கு, இடுப்பளவு டைல்ஸும் உயரத்தில் பிளக் பாயின்டும் ஆடம்பரமில்லை.

இத்தனைக்கும் நடுவில் பழைய குடியிருப்புகளின் சமையலறையில் ஒரு பொருள் அசையாமல் இருக்கிறது: சுவரில் செருகிய கடப்பாக்கல் அலமாரி. ஊறாது, துருப்பிடிக்காது, கதவில்லாததால் காற்றை மறிக்காது. அதைப் பெயர்த்துவிட்டுத்தான் மாடுலர் கிச்சன் போடுகிறோம்.

அந்தக் காலத்து வீடும் இங்கே கெட்டுப்போகத்தான் செய்தது. எது முதலில் கெட வேண்டும் என்பதைக் கட்டியவர் முடிவு செய்து வைத்திருந்தார்: மலிவான சுண்ணாம்பு போகும், உத்திரம் நிற்கும். இன்று பத்து வருஷ உத்தரவாதம் என்று வாங்கியது மூன்றாம் மழையில் மொத்தமாகப் போகிறது. தச்சரிடம் டிசைன் கேட்கும்போது கூடவே ஒன்று கேட்கலாம்: இதில் எதைக் கழற்றி மாற்ற முடியும்? பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தவர்கள் அந்தக் கேள்வியை வாயால் கேட்டதில்லை. சுண்ணாம்பு வாளியை மட்டும் பரணில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.