டிஜே பிளேயர் வாங்கப் போகிறீர்களா? விலைக்கு முன் பில்லைக் கேளுங்கள்

கல்யாண ரிசப்ஷன், கல்லூரிக் கலைவிழா, பிறந்தநாள் என்று ஆர்டர் பிடித்து, ஒரு கன்ட்ரோலரும் லேப்டாப்புமாகத் தொழிலைத் தொடங்கிய பிள்ளைகள் இன்று சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அவர்கள் கண் போவது, லேப்டாப்பே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பாட்டை ஓட்டும் தனி பிளேயர்கள் மேல். ஒரு பக்கம் சில பத்தாயிரங்களுக்குள் முடிந்துவிடும் சாதா பிளேயர். இன்னொரு பக்கம் ஒன்றே லட்சங்களில் போகும் பயனியர் சிடிஜே-3000, டெனான் எஸ்சி6000. நகையை அடகு வைத்தும் தவணைக்கு எடுத்தும் வாங்குகிறார்கள். பொருள் சரியில்லாமல் போனால் ஒரு முகூர்த்த சீசனின் வருமானமே போய்விடும்.

விலை கூடினால் சத்தம் நன்றாக இருக்கும் என்பதுதான் பலருடைய எண்ணம். மண்டபத்தில் கேட்கும் சத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும். நல்ல எம்பி3 ஒன்றை இரண்டு வகை பிளேயரிலும் ஓட்டினால், பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கூடுதல் காசு வேறு விஷயங்களுக்குப் போகிறது. சிடிஜே-3000-இல் 9 அங்குலத் தொடுதிரை, எஸ்சி6000-இல் 10.1 அங்குலம், பாட்டின் அலைவடிவம் முழுக்கக் கண்ணில் தெரியும். லேன் கேபிளில் இணைத்தால் ஒரே பென்டிரைவை எல்லா பிளேயர்களும் பகிர்ந்துகொள்ளும். எஸ்சி6000-இல் பாட்டுகளை முன்கூட்டி கம்ப்யூட்டரில் அலசி வைக்காவிட்டாலும் பிளேயரே அலசிக்கொள்ளும். அந்த ஒரே பிளேயரில் இரண்டு பாட்டை ஓட்டலாம். யாராவது தெரியாமல் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால், தொழில்முறை பிளேயர்கள் பலவும் கையில் இருக்கும் சில பீட்டுகளையே சுற்றிச் சுற்றி ஓட்டி, மேடை மௌனமாகாமல் காப்பாற்றும்.

இவை எல்லோருக்கும் தேவையா? வேறு டிஜேக்கள் வந்து வாசிக்கும் கிளப்பிலோ பெரிய நட்சத்திர ஓட்டலிலோ உங்கள் செட்டை வாடகைக்கு விடுவதானால் தேவை. வருகிறவர்கள் தங்கள் பென்டிரைவை மாட்டினால் உடனே ஓடும் பிளேயரைத்தான் எதிர்பார்ப்பார்கள். உங்கள் ஆர்டர் எல்லாம் உள்ளூர் மண்டபம், வாசிப்பதும் நீங்கள் ஒருவர்தான் என்றால், பயனியரின் எக்ஸ்டிஜே-700 போன்ற நடுத்தர பிளேயரே போதும் என்பேன். அதிலும் லேன் இணைப்பு உண்டு, தொடுதிரையும் உண்டு. அலைவடிவமே தெரியாத குட்டித் திரையுள்ள மிக மலிவான சிடி-யுஎஸ்பி பிளேயரை மட்டும் தொழிலுக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அரையிருட்டு மேடையில், அடுத்த பாட்டு எங்கே எடுக்கிறது என்று தெரியாமல் நிற்பது பெரிய அவஸ்தை.

வாங்கிய பிறகு கடைக்காரரோடு சண்டை வரும் இடங்களில் பாதி, பிளேயரின் வரம்பையும் பழுதையும் பிரித்துப் பார்க்காததால் வருபவை. பென்டிரைவை மாட்டுகிறீர்கள். பாட்டின் பெயர் திரையில் வருகிறது. லோட் செய்தால் ‘இ-8305’ என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பயனியர் பிளேயர்களில் அதற்கு அர்த்தம், இந்த வகைக் கோப்பை இந்த மாடல் படிக்காது என்பது. எக்ஸ்டிஜே-700 ஃபிளாக் கோப்புகளைப் படிக்காது. 2016-இல் வந்த சிடிஜே-2000 நெக்ஸஸ்2 படிக்கும். பென்டிரைவை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்திருந்தாலும் பல பிளேயர்கள் அதைக் கண்டுகொள்ளாது, எஃப்ஏடி32 பாதுகாப்பு. கையேட்டில் எழுதியிருக்கும் வரம்புக்காக எந்த நுகர்வோர் ஆணையமும் கடைக்காரரைக் குற்றம் சொல்லாது. “ஃபிளாக் தாராளமா ஓடும் தம்பி, எடுத்துட்டுப் போங்க” என்று அவர் சொல்லி விற்றிருந்தால் கதை வேறு. அது பொய் சொல்லி விற்பது. ஆகவே உங்களுக்கு முக்கியமான இரண்டு மூன்று வசதிகளை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பதிலை அழிக்காமல் வையுங்கள். அதைவிட நல்லது, உங்கள் சொந்த பென்டிரைவைக் கடைக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பது.

அடுத்த ஆபத்து, பில் இல்லாத பொருள். வெளிநாட்டிலிருந்து யாரோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது, கடை விலையைவிடப் பல ஆயிரம் குறைவு என்று காட்டுவார்கள். பல கம்பெனிகளின் வாரன்டி பொருள் விற்கப்பட்ட நாட்டோடு முடிந்துவிடும். இங்குள்ள சர்வீஸ் சென்டர் கைவிரிக்கும். ஜப்பான் சந்தைக்கென்று 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட பழைய மாடலும் இப்படி வந்து சேரலாம். அதை நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் முதல் நாளே பவர் சப்ளை போகும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் வோல்ட்டேஜையும் படியுங்கள். சீரியல் எண் பெட்டியிலும் பிளேயரிலும் பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பிளேயரைத் தனி நபரிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் துணைக்கு வருவது கடினம். அது திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் விசாரணை உங்கள் வீட்டுக்கும் வரும். விற்பவரின் பழைய பில்லும், அவர் கையெழுத்திட்ட ரசீதும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது உரிமைக்கு வருவோம். “நீ தொழிலுக்கு வாங்கினவன், நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது” என்று மிரட்டும் கடைகள் உண்டு. அதைக் கேட்டு ஒதுங்கிவிட்ட பிள்ளைகளை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்தில் வாங்குபவரை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. கோவை பிஎஸ்ஜி தொழில் நிறுவனத்துக்கு எதிராக லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், முந்தைய நுகர்வோர் சட்டத்தில் இருந்த இதே விதியை 1995-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றது. அந்த வழக்கில் பெரிய இயந்திரம் வாங்கிய நிறுவனம், தானே உழைத்துப் பிழைப்பவர் என்ற வரையறைக்குள் வராததால் தோற்றது. உங்களுக்கு இதிலிருந்து தெரிய வேண்டியது: தானே மேடையில் நின்று வாசிக்கும் டிஜேவுக்குக் கதவு திறந்திருக்கிறது, ஆள் வைத்துப் பத்து செட் வாடகைக்கு விடுபவருக்குச் சிரமம். புகார் எழுதும்போது, பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு வாங்கியது என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

பில் தர மறுப்பதே இச்சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பழையதைப் புதியதென்று விற்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பலகை மாட்டியிருந்தாலும், பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுக்கக் கூடாது.

பழுது தெரிந்ததும் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பிளேயரைத் திறக்காதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடமும் கொடுக்காதீர்கள். முத்திரை உடைந்தால் வாதமும் உடையும். பழுதை வீடியோ எடுங்கள், சீரியல் எண் தெரியும்படி. கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கேயே வழக்கிடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. மும்பைக் கடையில் ஆன்லைனில் வாங்கிய திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். இரண்டு ஆண்டுக் கெடு ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்.

இதே சட்டம் உங்கள் மேலும் பாயும். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ரிசப்ஷன் நடுவே செட் நின்றுபோனால், கல்யாண வீட்டார் சேவைக் குறைபாடு என்று உங்கள் மேல் வழக்குப் போடலாம். பிளேயர் பழுது என்பது அவர்களுக்கான பதில் ஆகாது. மலிவு பிளேயரோ விலை உயர்ந்ததோ, ஒரே பாட்டுத் தொகுப்பு இரண்டு பென்டிரைவில் இருக்கட்டும். பழைய கன்ட்ரோலரையும் லேப்டாப்பையும் விற்றுவிடாமல் மிக்ஸரின் இன்னொரு சேனலில் மாட்டி வையுங்கள். ஜெனரேட்டர் யார் பொறுப்பு, கரன்ட் ஏற்ற இறக்கத்தால் செட் நின்றால் யார் பொறுப்பு என்பதை அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.