குளிரிலும் ஈரத்திலும் உறையும் வீடுகள்: நிதியும் வழிகாட்டலும் இணைய வேண்டும்

வாடகை வீடொன்றில் வாழும் ஏழைக் குடும்பம், சுவரில் படர்ந்துள்ள பூஞ்சணம் குறித்து வீட்டு நிர்வாகத்திடம் முறையிடுகின்றது. அதன்மேல் வர்ணம் பூசிக்கொள்ளுமாறு பதில் கிடைக்கின்றது. இங்கிலாந்தின் றொச்டேல் நகரில், சமூக வீடமைப்புத் தொகுதியொன்றில் வாழ்ந்த சூடான் நாட்டுப் பெற்றோருக்கு நேர்ந்தது இதுவேயாகும். அவர்களின் இரண்டு வயதுக் குழந்தையான அவாப் இஷாக் 2020 டிசம்பரில் உயிரிழந்தான். வீட்டிலிருந்த பூஞ்சணத்தின் தாக்கத்துக்கு நீண்டகாலம் உட்பட்டிருந்தமையே மரணத்துக்குக் காரணம் என மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்பளித்தார்.

உள்ளூராட்சி மன்றங்களும் வீடமைப்புச் சங்கங்களும் குறைந்த வாடகைக்கு வழங்கும் இத்தகைய வீடுகள் இங்கிலாந்தில் ஏறத்தாழ 40 இலட்சம் உள்ளன. எமது நாட்டிலிருந்து புலம்பெயர்ந்து சென்றோரும் இவற்றில் வாழ்கின்றனர். இவ்வீடுகளில் பல, சுவருக்கும் கூரைக்கும் போதிய வெப்பக் காப்பு இன்றி முன்னைய தசாப்தங்களில் கட்டப்பட்டவை. அவற்றைச் சூடாக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி சுவர் வழியே வெளியேறி விடுகின்றது. எரிவாயு விலை உயர்ந்தபோது இச்சுமை தாங்கவொண்ணாததாயிற்று. சராசரிக் குடும்பமொன்றின் வருடாந்த வலுசக்திக் கட்டணத்துக்கான உச்சவரம்பு 1,277 பவுணிலிருந்து 2022 ஏப்ரலில் 1,971 பவுணாக உயர்ந்தது. கட்டணத்துக்கு அஞ்சி வீட்டைச் சூடாக்காமல் விட்டவர்களின் சுவர்களில் ஈரம் மேலும் படிந்தது.

இந்நிலையை மாற்றுவதற்கு அந்நாட்டு அரசாங்கம் சமூக வீடமைப்புக் காபன் குறைப்பு நிதியத்தை ஏற்படுத்தியது. அதன் பிரதான கட்டமொன்றில், 2023 மார்ச்சில் 778 மில்லியன் பவுண் ஒதுக்கப்பட்டது. பின்னர் பெயர் மாற்றப்பட்ட அந்நிதியத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2025இல் 1.29 பில்லியன் பவுண் அறிவிக்கப்பட்டது. வீடுகள் அவற்றின் வலுசக்தி வினைத்திறனைப் பொறுத்து 'ஏ' முதல் 'ஜி' வரை தரப்படுத்தப்படுகின்றன. 'சி' தரத்துக்குக் கீழுள்ள வீடுகளை அத்தரத்துக்கு உயர்த்துவதே நிதியத்தின் நோக்கமாகும். செலவில் குறைந்தது அரைப்பங்கை வீட்டு நிர்வாகமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. விண்ணப்பம் தயாரிக்க ஆளணி இல்லாத சிறிய சங்கங்கள் பின்தங்கி விடாதிருக்க, இலவச ஆலோசனைச் சேவையொன்றும் அரச செலவில் நடத்தப்பட்டது.

பணம் கிடைத்தால் போதுமே, ஆலோசனை எதற்கு என்ற கேள்வி எழலாம். இங்குதான் நாம் ஆழமாக நோக்க வேண்டியுள்ளது. மனிதர் சுவாசிப்பதாலும் சமைப்பதாலும் துணி உலர்த்துவதாலும் வீட்டுக்குள் நீராவி சேர்கின்றது. அது குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படியும் இடத்திலேயே பூஞ்சணம் வளர்கின்றது. சன்னல் இடுக்குகளை அடைத்துச் சுவருக்குக் காப்பும் இட்டுவிட்டு, காற்றோட்டத்துக்கு வழி செய்யாது விட்டால், நோயைத் தீர்க்க வந்த மருந்தே நோயாகி விடும். அதேபோன்று, வெப்பத்தைத் தக்க வைக்காத வீட்டில் மின்சார வெப்பப் பம்பியைப் பொருத்தினால் கட்டணம் ஏறக்கூடும். ஏனெனில், அங்கு மின்சார அலகொன்றின் விலை எரிவாயுவின் விலையைவிடப் பல மடங்கு அதிகமாகும். எனவேதான், முதலில் வீட்டின் நிலையை மதிப்பிடுதல், அடுத்துச் சுவர், கூரை, சன்னல்கள், அவற்றுடன் காற்றோட்டம், அதன் பின்னரே வெப்பமாக்கும் சாதனம் என்ற ஒழுங்கு வலியுறுத்தப்படுகின்றது. மதிப்பீட்டாளர், வடிவமைப்பாளர், இணைப்பாளர் ஆகியோரின் கடமைகளை வரையறுக்கும் 'பாஸ் 2035' என்னும் தர நியமமும் 2019இல் வெளியிடப்பட்டது.

எனினும், ஏட்டிலுள்ள நியமம் தானாகவே வேலையைச் செய்து விடாது. மேற்கூறிய நிதியத்துக்குப் புறம்பாக, வலுசக்தி நிறுவனங்களினூடாக நடத்தப்பட்ட வேறு திட்டங்களை அந்நாட்டுத் தேசிய கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்து 2025 ஒக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. அத்திட்டங்களின் கீழ் வெளிச்சுவர்க் காப்பு இடப்பட்ட வீடுகளில் 98 சதவீதமானவற்றில் திருத்த வேண்டிய பாரிய குறைபாடுகள் இருப்பதாக அதில் கூறப்பட்டது. பலவீனமான மேற்பார்வை இதற்கொரு முக்கிய காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டது.

இதனிலும் கொடிய பாடத்தை லண்டன் கிறென்பெல் கோபுரம் புகட்டியது. 2016இல் நிறைவுற்ற அதன் புனரமைப்பின்போது வெளிச்சுவரில் வெப்பக் காப்பும் அதன்மேல் அலங்காரத் தகடுகளும் பொருத்தப்பட்டன. எரியக்கூடிய அத்தகடுகளின் வழியே 2017 ஜூன் 14ஆம் திகதி, நோன்பு மாதத்தின் இரவொன்றில், தீ பரவி 72 உயிர்களைப் பலிகொண்டது. அம்மரணங்கள் அனைத்தும் தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியவை என 2024 செப்டெம்பரில் விசாரணை ஆணைக்குழு முடிவு செய்தது. பாதுகாப்புக் குறித்துக் குடியிருப்பாளர் சிலர் முன்னரே எச்சரித்திருந்தும் அக்குரல் செவிமடுக்கப்படவில்லை.

முறையாகச் செய்தால் பயன் கிட்டும் என்பதற்கும் சான்றுண்டு. போர்ட்ஸ்மௌத் நகரில் 1968இல் கட்டப்பட்ட 11 மாடி வில்ம்கோட் இல்லத்தை, மக்களை வெளியேற்றாமலேயே நகர சபை மீள்சீரமைத்தது. தடித்த வெப்பக் காப்பு, மூவடுக்குக் கண்ணாடிச் சன்னல்கள், வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்டெடுக்கும் காற்றோட்ட முறை ஆகியன ஒருங்கே அமைக்கப்பட்டன. நீண்டு சென்ற வேலைகளால் மக்கள் சிரமப்பட்டனர் எனினும், ஒன்றைச் செய்து மற்றையதை விட்டுவிடும் தவறு அங்கு நேரவில்லை.

குழந்தை அவாப்பின் பெயரால் அமைந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் அமுலில் உள்ளது. அவசர ஆபத்துகளை 24 மணித்தியாலத்துக்குள் சீர்செய்யவும், பாரதூரமான ஈரம், பூஞ்சணம் பற்றிய முறைப்பாடுகளை 10 வேலை நாட்களுக்குள் விசாரிக்கவும் அது சமூக வீடமைப்பு நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்துகின்றது. ஓர் உயிரை விலையாகக் கொடுத்த பின்னரே அக்குடும்பத்தின் முறைப்பாட்டுக்குச் சட்டத்தின் பலம் கிடைத்துள்ளது. நிதி ஒதுக்குவது அரசின் கடமை. அந்நிதி எச்சுவரில், எவ்வாறு, எவர் மேற்பார்வையில் செலவாகின்றது எனக் கேட்பது அவ்வீட்டில் உறங்குவோரின் உரிமை. அவ்வுரிமையை ஏற்காத எந்தத் திட்டமும், பூஞ்சணத்தின் மேல் பூசிய வர்ணமாகவே முடியும்.