மண்டியிட்ட தளபதி, பட்டம் பெற்ற மன்னர்

மெல்பர்னின் கிளேட்டனில் குடியிருக்கும் தமிழரிடம் மொனாஷ் யார் என்று கேட்டால், யூனி என்றோ ஆஸ்பத்திரி என்றோதான் பதில் வரும். ஹண்டிங்டேல் ஸ்டேஷனில் 601 பஸ் பிடிக்கும் பிள்ளைகளுக்கு அது பல்கலைக்கழகம். காலையில் காரில் வேலைக்குக் கிளம்புகிறவருக்கு நெரிசலில் ஊர்ந்து போகும் ஃப்ரீவே. வரி கட்டும் கவுன்சிலுக்கும் அதே பெயர். நூறு டாலர் நோட்டில் இருக்கும் மீசைக்காரரும் அவரேதான் என்பது, நோட்டைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்ட இந்த நாளில் பலருக்கும் தெரியாது.

சர் ஜான் மொனாஷ், 1865இல் மெல்பர்னில் பிறந்த யூதர். கான்கிரீட் பாலங்கள் கட்டிய எஞ்சினியர். பட்டாளம் அவருக்குப் பகுதிநேர வேலை. அப்படிப்பட்டவரிடம் 1918 மே மாதத்தில், பிரான்ஸில் போரிட்ட ஆஸ்திரேலியப் படையணி முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. அப்போதும் உச்சத்தில் இருந்தவர் அவரல்ல. அவருக்கு மேலே ராலின்சன், அதற்கும் மேலே ஹெய்க். நிர்வாகக் கயிறு பேர்ட்வுட் கையில். மூவரும் பிரிட்டிஷ் தளபதிகள். மன்னரின் படையில் ஆஸ்திரேலியர் ஏறக்கூடிய உயரம் அவ்வளவுதான்.

அந்த இடமும் சும்மா கிடைக்கவில்லை. பத்திரிகையாளர் கீத் மர்டாக் (இன்றைய ரூப்பர்ட் மர்டாக்கின் தகப்பனார்) மொனாஷை நகர்த்திவிட்டு வேறொருவரைக் கொண்டுவரப் பிரதமர் ஹியூஸின் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். போர்க்கள அதிகாரிகளிடம் நேரில் விசாரித்த ஹியூஸ், மொனாஷுக்கே ஆதரவு என்று கண்டு பின்வாங்கினார். ஜூலை 4ஆம் தேதி ஹாமெல் சண்டை. டாங்கி, பீரங்கி, விமானம், காலாட்படை நான்கையும் ஒரே கால அட்டவணையில் கோத்து, 90 நிமிடத்தில் முடிக்கத் திட்டம். முடிந்தது 93 நிமிடத்தில். எஞ்சினியர் புத்தி என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 8இல் ஆமியேன் வெற்றி. நான்கே நாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெர்தாங்கிள் மாளிகைக்கு வந்துவிட்டார். எதிரியிடம் பிடித்த பீரங்கிகள் வரிசையாக நிற்க, மொனாஷ் மண்டியிட, மன்னர் வாளால் தோளைத் தொட்டு 'சர்' ஆக்கினார். நமக்கு இது அந்நியமான காட்சியல்ல. ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன், மன்னனின் பெயரையே தாங்கிய 'மும்முடிச் சோழ பிரமராயன்' பட்டத்தோடு தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்தவர். மன்னர் கொடுப்பார், தளபதி வாங்குவார், அதுதான் முறை.

போர் முடிந்தபின் மொனாஷ் விக்டோரியாவின் மின்சார ஆணையத்துக்குத் தலைவராகி, லாட்ரோப் பள்ளத்தாக்கின் பழுப்பு நிலக்கரியிலிருந்து மெல்பர்னுக்கு மின்சாரம் வர வழிசெய்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதற்கும் பிறகு வருகிறது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில் சிலர், நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு ஆட்சியைக் கையில் எடுங்கள் என்று அவரைத் தூண்டினார்கள். அது ராஜத்துரோகம் என்று எழுதி மறுத்துவிட்டார். 1931இல் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். பிரைட்டன் கல்லறையிலோ பட்டம், பதவி எதுவுமில்லாமல் வெறும் பெயர்.

அவர் பெயரில் கிளேட்டனில் பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் வந்தது 1958இல். முப்படைகளின் தளபதிகள் குழுவுக்கு ஆஸ்திரேலியா முதன்முதலாக ஒரு தனித் தலைவரை அமர்த்தியதும் அதே ஆண்டில்தான். ஆனால் அவருக்குப் படைமீது ஆணையிடும் அதிகாரம் கிடையாது. அது 1976இல் வந்தது. 'பாதுகாப்புப் படைத் தலைவர்' என்ற இன்றைய பெயர் 1984இல்.

இன்று முப்படைகளும் அந்த ஒரு நாற்காலியின் கீழ். அரசியல் சட்டத்தின் 68ஆம் பிரிவுப்படி உச்ச தளபதி, மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல். நடைமுறையில் அது கையெழுத்து. முடிவு பிரதமருடையது, அமைச்சருடையது. 2024 ஜூலையில் அட்மிரல் டேவிட் ஜான்ஸ்டன் பொறுப்பேற்ற அந்தப் பதவிக்கு மேசை கான்பெராவில். பக்கத்திலேயே, கணக்கு வழக்கைப் பார்க்கும் சிவிலியன் செயலாளர்.

மொனாஷ் பத்திரிகைக்காரரின் முணுமுணுப்பைச் சமாளித்தார். இப்போது படைத் தலைவர் செனட் குழுவின் முன் உட்கார்ந்து, கேமரா பார்க்க, பதில் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் டாஸ்மன் கடலில் சீனப் போர்க்கப்பல்கள் குண்டு சுடும் பயிற்சி நடத்தின. அந்தச் செய்தி முதலில் ஒரு பயணிகள் விமானத்தின் பைலட் வழியாகத்தான் வந்தது என்று ஜான்ஸ்டன் அங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2020 நவம்பரில் இன்னும் கடினமான கட்டம். ஆப்கானிஸ்தானில் ஆஸ்திரேலிய சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தக்க தகவல் இருப்பதாக விசாரணை அறிக்கை சொன்னது. அன்றைய தலைவர் ஆங்கஸ் காம்ப்பெல் ஆப்கன் மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஹெய்க் காலத்தில் இப்படியொரு காட்சியை யாரும் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் பதவி வளர்ந்திருக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான், கீழே இருக்கும் கப்பல், விமான எண்ணிக்கையை வைத்து அல்ல.

அரண்மனைக்கும் இந்த நாற்காலிக்கும் உள்ள தூரமும் சுருங்கிவிட்டது. இப்பதவியில் இருந்து ஓய்வுபெற்ற பீட்டர் காஸ்க்ரோவ் 2014இலும், டேவிட் ஹர்லி 2019இலும் கவர்னர் ஜெனரல் ஆனார்கள். சல்யூட் அடித்தவர்களே மன்னரின் பிரதிநிதியாகி சல்யூட்டை ஏற்றுக்கொண்டார்கள். 'சர்' பட்டத்தை ஆஸ்திரேலியா 2015இல் கைவிட்டுவிட்டது. இறந்துபோன மொனாஷுக்கு ஃபீல்ட் மார்ஷல் பதவி தரவேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையும் 2018இல் நிராகரிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் மூன்றாம் சார்லஸ் மன்னர் இங்கே வந்தபோது அந்தப் பதவியை, அதற்கு நிகரான கடற்படை, விமானப்படைப் பதவிகளோடு சேர்த்து, கௌரவமாக அவருக்கே கொடுத்தார்கள்.